சாம்பல் எடை

மாதவரம் ஆய்வகத்தில் என் வேலை
கீரையைச் சாம்பலாக்குவது.
ஐந்நூற்று ஐம்பது டிகிரி, ஆறு மணி நேரம்.
கட்டுக்கட்டாய் உள்ளே போகும் பச்சை
பீங்கான் கிண்ணத்தின் அடியில்
நெற்றிக்குப் பூசுமளவு மிஞ்சும்.
இலை என்று நாம் பேரம் பேசியதில்
பெரும்பங்கு தண்ணீர்,
மீதியிலும் பெரும்பங்கு காற்று.

நாற்பத்திரண்டு வகைத் தண்டுக்கீரை.
ஒரே மண். ஒரே குழாய்த் தண்ணீர்.
ஒரே நாளில் விதைத்து
ஒரே நாளில் பிடுங்கியவை.
ஆனாலும் பதினேழாம் எண்ணில்
முப்பத்தொன்றைப் போல் மூன்று பங்கு இரும்பு.
என் கைப்பிசகு என்றுதான் முதலில் நினைத்தார்
ரெஹானா மேடம்.
மறுபடி எரித்தேன், அமிலத்தில் கரைத்தேன்,
கருவி மறுபடி அதையே சொன்னது.
"பொறப்புலயே அப்படி" என்றார்.
மண்ணிடம் கேட்டு வாங்கச்
சிலதுக்குத் தெரிந்திருக்கிறது.

எர்ணாவூரில் இது எங்களுக்குப் பழைய செய்தி.
ஒரே குக்கர், ஒரே கரண்டி.
தங்கை ஜெபராணிக்கு ரத்தம்
பன்னிரண்டு புள்ளி நாலு.
எனக்கு எட்டு புள்ளி ஒன்று.
முகாமில் விரல் குத்திய பெண்
"நீ துன்றியா இல்லியாம்மா?" என்றாள்.
ரெண்டு பேரும் ஒரே தட்டு என்றால்
அவள் எழுதும் தாளில் அதற்குக் கட்டமில்லை.

அதனால்தான் பதினேழின் விதையை
டிபன் பாக்ஸில் மடித்து எடுத்து வந்தேன்.
திருட்டுதான்.
கடுகில் கால்வாசிகூட இல்லாத கறுப்பு மினுக்கம்,
ஒரு சிட்டிகை.
மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளி.
மண் மட்டும் கால்வாய்க் கரையில் அள்ளியது.

வடக்கே புகைபோக்கிகள்.
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையை
நாங்கள் உதறாமல் மடிப்பதில்லை.
அங்கேயும் யாரோ எரிக்கிறார்கள்,
என்னுடையதைவிடப் பெரிய கிண்ணத்தில்.
எடைதான் போடுவதில்லை.

இருபத்தைந்தாம் நாள்
தண்டு சிவந்து, இலை உள்ளங்கை அகலம்.
ஜெபராணி பூண்டு உரித்து வைத்துவிட்டாள்.
எனக்குத்தான் தொழில் புத்தி,
ஒரு பிடியை வேலைக்கு எடுத்துப்போய் எரித்தேன்.
இரும்பு, அள்ளிக் கொட்டியது.
கூடவே காட்மியம்.
ஈயமும் கொஞ்சம்.

ரெஹானா மேடம் திட்டுவார் என்று நின்றேன்.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
ஒரு வேர் வரைந்தார்,
வேரில் சின்னச் சின்னதாய்க் கதவுகள்.
"இரும்புக்குத் திறக்குற கதவு இது.
காட்மியம் வந்து தட்டுனா
ஆள் வித்தியாசம் தெரியாது அதுக்கு.
உன் பதினேழுக்குக் கதவு நிறைய."
பிறகு மெதுவாக,
"இங்க பானையில போட்ட மண்ணு
லாரியில வந்ததும்மா."

முப்பத்தொன்றை அதே வாளி மண்ணில் போட்டுப் பார்த்தோம்,
இம்முறை அவருக்குத் தெரிந்தே.
கஞ்சன். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
இரும்பும் இல்லை, மற்றதும் பேருக்குத்தான்.
போன மாதம் வரை அதைப் பட்டியலிலிருந்து
அடிப்பதாகத்தான் இருந்தோம்.

தேரடிப் பக்கம் கூடையோடு வரும் நரசம்மா
தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள்,
"நீ கீரைக்கு டாக்டராமே, என்துல சத்து இருக்கா?"
எந்த விதை என்று கேட்டேன், சொன்னாள்.
எந்த மண் என்று கேட்டேன்.
பத்து ரூபாய்ச் சில்லறையைத் தேட ஆரம்பித்தாள்.

பதினேழின் விதை இப்போது உறைபெட்டியில்.
உறை மேல் வகை, நாள், இரும்பு எழுதக் கோடு உண்டு.
மண்ணுக்குக் கோடில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நல்ல இடம் கிடைத்தால்.

மாத்திரை சாப்பிடுகிறேன், சிவப்பு,
ரேஷன் கடைக்கு எதிர்த்த சுகாதார நிலையத்தில் கொடுப்பது.
வாய் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது.
வாளி மண்ணை மாற்றக் காசு சேரவில்லை,
அதுவரை மாடியில் முப்பத்தொன்று.
நேற்று பொரியல் வைத்தோம்.
இன்னும் கொஞ்சம் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு
ஜெபராணி சொன்னாள்,
"சப்புனு கீதுடி."